ஊர்ச்சோற்றுக்கு அழைத்த ஆள்காட்டி

அந்தக் காலத்தில் மாடு மனிதனோடு வழக்காடும், மனிதன் மாட்டுக்கு மறுபேச்சுப் பேசுவான், யார் சொல்வது நியாயம் என்று வரப்பில் நிற்கிற வெள்ளாடு தீர்ப்புச் சொல்லும். அப்படியொரு காலத்தில் நடந்தது இது. எந்த ஊரில் என்று கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்வார்கள், பாவம்.

பங்குனி பிறந்து அறுப்பெல்லாம் முடிந்துவிட்டால் அந்த ஊரில் ஒரு நாள் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. வீட்டுக்கு ஒரு படி புது அரிசியைக் கொண்டுபோய் அறுத்த வயலில் கொட்டுவார்கள். ஒரே இடத்தில் பொங்கி, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஊர்ச்சோறு என்று அதற்குப் பேர். பாசிப்பயறும் பூசணிக்காயும் போட்ட குழம்பு, கீறிப்போட்ட மாங்காய், அதற்கு மேல் வேப்பமரத்திலிருந்து தானாக உதிர்ந்து விழுகிற பூ. விழுந்ததை யாரும் எடுத்துப் போடமாட்டார்கள். எருமைக்கும் அங்கே இலை உண்டு, எறும்புக்கும் ஒரு பிடி உண்டு. விதி ஒன்றே ஒன்றுதான். ஊர் எல்லைக்குள் இருக்கிற ஓர் உயிர் விடுபட்டாலும் யாரும் கை நனைக்கக் கூடாது.

அப்படியானால் அழைக்கிற வேலை லேசுப்பட்டதா? முதலில் நாயை அனுப்பிப் பார்த்தார்கள். அது போன வாசலிலெல்லாம் சண்டை இழுத்துக்கொண்டு வந்தது. பிறகு காக்காயை அனுப்பினார்கள். அது பாதி வீட்டுக்குச் சொல்லிவிட்டு, சோறு வெந்துவிட்டதா பார்ப்போம் என்று திரும்பி வந்துவிட்டது. கடைசியில் அந்த வேலை ஆள்காட்டிக் குருவியிடம் வந்து சேர்ந்தது. நீளக் கால், ஓட்டமான ஓட்டம், எங்கே யார் படுத்துக் கிடக்கிறார்கள் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் அதன் குரல். அந்த நாளில் அதற்கு அவ்வளவு மெதுவான குரல். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டவன்கூட, அது வாசலில் நின்று "சாப்பிட வாங்க" என்று சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான்.

சமையலுக்குப் பொறுப்பு மாராயி. பெரிய கை அவளுக்கு. உப்பை அள்ளிப் போட்டால் மறுபடி ருசி பார்க்க வேண்டியதில்லை. வாயும் அப்படித்தான், பெரியது. அவளும் ஆள்காட்டியும் களையெடுப்புக் காலத்திலிருந்தே சிநேகம். அவள் களையைப் பிடுங்கப் பிடுங்க, பின்னாலேயே அது புழுவைப் பொறுக்கிக்கொண்டு நடக்கும். அவள் புருசன் வெயிலுகந்தானை அது அண்ணன் என்று கூப்பிடும், அவளை மதினி என்று கூப்பிடும். அந்த உறவில் இரண்டும் ஒன்றையொன்று கேலி பேசாத நாளே கிடையாது.

அந்த வருசம் மாசியில் ஆள்காட்டியின் ஜோடிச் சேவலைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அது கேலி பேசுவதையே விட்டுவிட்டது. பங்குனியில், ஊர்ச்சோறு பொங்கப் போகிற அதே வயலின் ஓரத்தில், வெறுந்தரையில் நாலு முட்டை இட்டது. மண் நிறத்தில், கரும்புள்ளி விழுந்து, பார்ப்பதற்கு மண்ணாங்கட்டி மாதிரியே இருக்கும். பருந்துக் கண்ணுக்குத் தப்ப வேண்டுமே.

ஊர்ச்சோற்றன்று காலையில் மாராயி வந்து கூப்பிட்டபோது அது முட்டை மேலிருந்து எழுந்திருக்கவில்லை.

"இந்த வருசம் என்னை விட்டுரு மதினி. மாத்தி உட்கார ஆள் இல்லை. அவுகளும் போயிட்டாக, எனக்குன்னு இருக்கிறது இந்த நாலுதான்."

"நீ போகலைன்னா யாருடி போவா? காக்காயை அனுப்பினா ஊர்ல பாதிப் பேரு பட்டினி."

"வெயில் ஏறினா முட்டை வெந்துரும்."

மாராயிக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் ஊர்ச்சோறு நின்றுவிட்டால் அந்தப் பேச்சு தன் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும். வேலியோரம் போய் அகலமான ஆமணக்கு இலை ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தாள்.

"இங்க பாரு, இதைப் போட்டு மூடுறேன். வெயிலும் படாது, பருந்தும் பாக்காது. நான் இங்கனயேதான் நிக்கப் போறேன். உன் பிள்ளைக மேல ஒரு ஈ உட்கார விடமாட்டேன். போயிட்டு வா, ராசாத்தி."

ஆள்காட்டி அவள் முகத்தைப் பார்த்தது. மாராயி பொய் சொல்லி அது பார்த்ததே இல்லை. மெல்ல எழுந்து, முட்டைகளை அலகால் ஒருமுறை திருப்பி வைத்துவிட்டு, ஓடத் தொடங்கியது.

மாராயி இலையை மூடினாள். காற்றுக்குப் பறந்துவிடாமலிருக்க அதன் மேல் ஒரு மண்கட்டியை வைக்கலாமா என்று கையில் எடுத்தாள். பிஞ்சு முட்டை, கனத்தால் நொறுங்கிவிட்டால்? வேண்டாம் என்று கட்டியைத் தூரப் போட்டாள். அவ்வளவு பக்குவமாகத்தான் பார்த்தாள், அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு முழுவதும் அவள் கண் அந்த இலை மேலேதான். பிள்ளைகள் ஓடி வந்தால் "அந்தண்டை போங்க!" என்று விரட்டினாள். எருமை ஒன்று அசைந்து அசைந்து அந்தப் பக்கம் போனது. கரண்டியோடு ஓடிப்போய் அதன் முதுகில் ஒன்று வைத்தாள். "எனக்கும் கண்ணு இருக்கு, மிதிக்கமாட்டேன்" என்று எருமை முறைத்துக்கொண்டு விலகியது. ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது. "நாத்தனா பிள்ளைகளுக்கு இம்புட்டுக் காவலா!" என்று வெயிலுகந்தான் கேலி செய்தான்.

உச்சிவேளைக்குச் சற்று முன்னால் பங்குனிக் காற்று ஒன்று சுழன்று அடித்தது. வைக்கோலும் சருகும் வேப்பம்பூவும் கலந்து வயல் முழுக்கப் புழுதி. சோற்றில் மண் விழுந்துவிடக் கூடாதே என்று மாராயி முந்தானையை விரித்துப் பானை மேல் கவிந்துகொண்டாள். காற்று அடங்கியதும் முதல் வேலையாகத் திரும்பிப் பார்த்தாள். இலை இருந்தது. அறுத்த நெல்லின் அடித்தாள் குத்துகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

இலை இருந்தது சரிதான். ஆனால் இருந்த இடத்தில் இல்லை. காற்று அதை இழுத்துக்கொண்டு போய், வயலின் அந்தக் கோடியில் தாளில் மாட்டிவிட்டிருந்தது. அறுத்த வயலில் இந்த இடம், அந்த இடம் என்று என்ன அடையாளம் இருக்கிறது? எல்லாம் ஒரே தாள், ஒரே கட்டி.

ஆள்காட்டியோ அன்றைக்கு ஒருவரையும் விடவில்லை. வீடு வீடாகப் போனது, வளை வளையாகப் போனது. எல்லையில் கிடைபோட வந்திருந்த ஆட்டுக்காரர்களை, அவர்கள் ஆட்டோடு, அழைத்து அனுப்பியது. வண்டி அச்சு முறிந்து வழியில் நின்ற உப்பு வியாபாரிகளை அனுப்பியது. கூட்டம் வந்துகொண்டே இருந்தது. மாராயி பானையைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள்.

"ஏங்க, சோறு பத்தாது. இன்னொரு பானை ஏத்தணும், சுருக்க வாங்க!"

வெயிலுகந்தான் மூன்று கல்லைச் சுமந்துகொண்டு வந்தான். குழி வெட்டப் பொழுதில்லை. "எங்க போட?" என்றான்.

மாராயி சுற்றிப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். அனல்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று நினைத்தாள்.

"அந்த இலைகிட்ட மட்டும் வேணாம். இந்தா, இந்தக் கோடிக்கு வாங்க. இங்கன போடுங்க."

கையை நீட்டி அவளேதான் இடம் காட்டினாள். அவன் ஓர் அணைப்பு வைக்கோலை அங்கே போட்டு, மேலே கல்லைக் கூட்டி, முள்விறகை அடுக்கினான். குனிந்து தீ வைத்தது மாராயி. காய்ந்த வைக்கோல், குப்பென்று பிடித்துக்கொண்டது. சோறு பொங்கி வந்தது. அந்தப் பானைச் சோறு நல்ல மணம் என்று ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

தாமரை இலை போட்டாகிவிட்டது. பரிமாறியாகிவிட்டது. யாரும் தொடவில்லை, ஆள்காட்டி வர வேண்டும். அது கடைசி ஆளாக, ஊர்க்கோடிக் குடிசையிலிருந்த காலில்லாத கிழவரை ஒரு காளையின் முதுகில் உட்கார வைத்து, கூடவே ஓடி வந்தது. அதன் கால் புழுதியில் வெளுத்திருந்தது. வரிசையின் தலைமாட்டில் நின்று எல்லாரையும் ஒருமுறை பார்த்தது. முகத்தில் களைப்பு, ஆனால் கணவன் போன பிறகு முதல் தடவையாக ஒரு சந்தோசம்.

"எல்லாரும் வந்தாச்சு, சாப்பிடுங்க" என்றது.

ஊர் கையை வைத்தது. அது ஆமணக்கு இலையை நோக்கி ஓடியது. மாராயியும் பெருமையோடு பின்னால் போனாள்.

"பாத்துக்க, ஒரு ஈ அண்டலை. எருமையைக்கூட அடிச்சு விரட்டினேன்."

ஆள்காட்டி அலகால் இலையைத் தூக்கியது. கீழே தாள் இருந்தது, மண் இருந்தது.

"மதினி, இங்க இல்லையே."

"நல்லாப் பாருடி. மண்ணு நிறந்தானே, அங்கனதான் இருக்கும்."

அது நிமிர்ந்து வரப்பைப் பார்த்தது. வரப்பின் மூலையைப் பார்த்தது, தரை வெடிப்பைப் பார்த்தது. நமக்கு எல்லாம் ஒரே வயல். அங்கே அடைகாத்தவளுக்கு அப்படியா? ஓடவில்லை, அடி மேல் அடி வைத்து நடந்தது. அடுப்புக்கு முன்னால் வந்து நின்றது.

"மதினி, இந்த அடுப்பு காலையில இல்லையே."

மாராயி எரிகிற விறகை வெறுங்கையால் பிடித்து இழுத்தாள். பானை சரிந்தது, மிச்சமிருந்த சோறெல்லாம் தீயில் கொட்டியது. அவள் சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். வெயிலுகந்தான் ஓடி வந்து இழுத்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவள் கையில் வந்தவை கரிந்த நாலு ஓடுகள்.

வரிசையில் எல்லாரும் வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே இருந்தார்கள். ஆட்டுக்காரர்களில் மூத்தவர் தன் இலையிலிருந்த சோற்றைப் பார்த்து, அதைத் தொட்ட கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

"எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னேனே" என்றது ஆள்காட்டி. "என் வாயாலதானே சொன்னேன்."

மாராயி மண்ணில் விழுந்து புரண்டாள். "என்னைக் கொத்துடி! இந்தக் கண்ணைக் கொத்து! நான்தான் இடம் காட்டினேன், நான்தான் தீ வச்சேன். பாவி, நான்தான்."

"நீ வேணும்னா செஞ்ச?"

"இல்லை தாயி! சத்தியமா இல்லை."

"தெரியும் மதினி. அதான் எனக்குப் பயமா இருக்கு. கெடுக்கணும்னு வர்ற பருந்துகிட்டேருந்து ஒளிஞ்சுக்கலாம். பிரியமா இருக்கிறவுக கைக்கும் காலுக்கும் எங்க போயி ஒளியுறது?"

அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். புகையிலும் கண்ணீரிலும் அதன் கண்ணோரம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது, அந்தச் சிவப்பு பிறகு போகவே இல்லை. அது மேலே எழும்பி வட்டமடித்துக் கத்தியது. அந்தக் குரலை ஊர் அதுவரை கேட்டதில்லை. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. இலைகளை அப்படியே விட்டுவிட்டு ஊர் வீட்டுக்குப் போனது.

மாராயியின் கை வெந்து ஆறியது. மனசு ஆறவில்லை. அடுத்த பங்குனியில் ஒரு தாமரை இலையில் புதுச்சோற்றை வைத்துக்கொண்டு, தனியாக வயலுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கலாம், பேசவாவது பேசுமா என்று ஓர் ஆசை. வரப்பைத் தாண்டி ஒரு கால்தான் வைத்தாள். ஆள்காட்டி எங்கிருந்தோ எழும்பி, அவள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. உச்சந்தலையைத் தொடுகிற மாதிரி பாய்ந்தது, மறுபடியும் பாய்ந்தது. அவளை அடையாளம் தெரியாமலா? நன்றாகத் தெரியும்.

இவள் இங்கே முட்டை வைத்திருக்கிறாள் என்று மாராயிக்குப் புரிந்தது. எங்கே என்று கண்ணால்கூடத் தேடவில்லை. "சரிடி, நான் வரலை" என்று சொல்லிவிட்டு, வைத்த காலை எடுத்துக்கொண்டு அழுதபடியே திரும்பினாள். ஊருக்கு வந்து, இனிமேல் பச்சை வயலிலோ அறுத்த வயலிலோ அடுப்பு மூட்டக் கூடாது, ஊர்ச்சோற்றை ஊருக்குள் பொட்டலில் பொங்குவோம் என்றாள். ஊரும் அப்படியே செய்தது.

அன்று முதல்தான், நல்லவரோ கெட்டவரோ, வயல்வெளியில் மனிதக் காலடி விழுந்தால் போதும், பகலென்றும் இரவென்றும் பாராமல் ஆள்காட்டி எழும்பிக் கத்துகிறது. முட்டை இருந்தாலும் கத்துகிறது, இல்லாவிட்டாலும் கத்துகிறது.