மாடி ஏறி வந்தவள்

போலியோவில் கால்கள் சூம்பிப்போன முப்பிடாதி, உதவித்தொகை கேட்டு தாலுகா ஆபீஸ் மாடிப்படிகளில் கையூன்றித் தவழ்ந்தே ஏறிப் போனாள். தாசில்தார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனியா மாடி ஏறி வந்திருக்கே. உனக்கென்னம்மா ஊனம்? நல்லா நடப்பே, போ" என்று மனுவைத் திருப்பி எறிந்தார்.

முப்பிடாதிக்கு மனசு கொதித்தது. "நீங்க சொன்னா சரிதான் ஐயா" என்று நகர்ந்து போய், அறை வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் கலெக்டர் கூப்பிடுவதாகப் போன் வந்தது. தாசில்தார் பதறி ஓடிவந்தார். தாண்டிப் போகவும் இடமில்லை.

"எந்திரிம்மா, வழியை விடு!"

"நல்லா நடக்கிற காலுதானே ஐயா, இந்தா எந்திரிச்சிரும்" என்றாள் அவள், அசையாமல்.

மறுபடியும் போன் அடித்தது. தாசில்தாருக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினார்: "யாராவது இவளைத் தூக்குங்கய்யா! இவளால எந்திரிக்க முடியாதுன்னு உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

வரிசையே சிரித்துவிட்டது. முப்பிடாதி மனுவை நீட்டினாள்.

"இப்ப சொன்னதை அப்படியே இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க ஐயா. நானே நகர்ந்துக்கிடுதேன்."

தாசில்தார் சுவரில் வைத்து எழுதிக் கொடுத்தார். மை காய ஊதிப் பார்த்துவிட்டுத்தான் அவள் வழிவிட்டாள்.