ஊற்றுச் சங்கத்தின் மாலை

காட்டாற்றங்கரையில் விலங்குகளின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கேட்க வந்ததை எங்கே தப்பாகக் கேட்டுத் தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில் காட்டுப்பன்றி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது.

அது யானைக்குப் பாராட்டு விழா. கோடையில் ஆறு வற்றிவிடும். யானை வந்து மணலைத் தோண்டும். ஊற்று சுரக்கும். எல்லா விலங்குகளும் குடிக்கும். இதற்காகவே ஊற்றுச் சங்கம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். வருஷந்தோறும் யானைக்குப் பூங்கொடி மாலை போடுவது சங்கத்தின் வேலை. அந்த வேலையில் சங்கம் ஒரு குறையும் வைத்ததில்லை.

செயலாளர் குரங்கு வாழ்த்திப் பேசி முடித்து, வேறு யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டது. பன்றி எழுந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. யானையண்ணன் நல்லா இருக்கணும். ஒருவேளை ஒரு கோடைக்கு அவர் வர முடியலைன்னா, என் குட்டிங்க எதைக் குடிக்கும்?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. மாலை போட்ட இடத்தில் பேசுகிற பேச்சா இது என்று மான் முகத்தைச் சுளித்தது.

"உட்காருங்க பன்றியக்கா," என்றது குரங்கு. "நல்ல நாளும் அதுவுமா! வாயைக் கழுவுங்க."

யானை காதை ஆட்டிக்கொண்டிருந்தது. மாலை அதற்குக் காதோரம் உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த கோடையில் யானை வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் நல்ல மழையாம், கூட்டத்தோடு போய்விட்டதாம் என்று மைனா வந்து சொன்னது.

சங்கம் அவசரமாகக் கூடியது. யானையின் இதுவரையான சேவைக்கு நன்றி தெரிவித்தது. எப்போது வந்தாலும் போட வசதியாக ஒரு மாலையைக் கட்டி வைத்தது. பிறகு தாகத்தோடு கலைந்தது.

பன்றியின் குட்டிகளுக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது. பன்றி நட்டாற்றில் இறங்கி மூக்கால் மணலைக் கிளறியது. கிளறக் கிளறச் சரிந்தது. ஒரு மூக்கால் ஆகிற வேலையா அது? குட்டிகளையும் இறக்கியது. வேடிக்கை பார்த்த முயலைக் கூப்பிட்டு, சரிகிற மணலைத் தள்ளச் சொன்னது. தனக்கு யானை பலம் இல்லையே என்றது முயல்.

"எனக்கு மட்டும் இருக்கா? தள்ளு."

முயலைப் பார்த்து முள்ளம்பன்றி இறங்கியது. நரியும் வந்தது. முயல் ஆட்சேபித்ததால் நரிக்கு எதிர்ப்பக்கம் ஒதுக்கப்பட்டது. பொழுது சாயும் நேரத்தில் குழியின் அடியில் மணல் நனைந்து, கலங்கலாக நீர் கசிந்தது.

குட்டிகள் குடித்தன. தோண்டியவர்கள் குடித்தார்கள். செய்தி கேட்டுச் சங்கமும் வந்து குடித்தது. குடித்துவிட்டுக் குரங்கு போய், கட்டி வைத்த மாலையை எடுத்து வந்தது.

"இனிமே நீங்கதான் எங்களுக்கு யானை, பன்றியக்கா! வருஷா வருஷம் தோண்டுங்க. விழாவை நாங்க பாத்துக்கறோம்."

பன்றி தன் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. நாளைக்கே தனக்குக் காய்ச்சல் வந்தால்? கால் பிசகினால்? மறுபடியும் இந்தக் குட்டிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதா?

மாலையை வாங்கியது. கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பூவும் கொடியுமாக மென்று தின்று தீர்த்தது. அப்புறம் குழிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு, இனிமேல் குடிக்க வருகிறவர்கள் முதலில் ஒரு பிடி மணலாவது அள்ளி வெளியே போட்டுவிட்டு வரவேண்டும் என்றது. குரங்குக்கு மறுபடியும் தாகமெடுத்தபோது அதுவும் அள்ளித்தான் போட்டது.

ஒருவர் பலத்தில் நிற்கும் சங்கம் அவரோடு போய்விடும். பயன்பெறுகிறவர்கள் எல்லோரும் கைகொடுத்தால்தான் அது நாளைக்கும் இருக்கும்.