பறக்கும் ஓணானின் மஞ்சள் கழுத்து

அந்தக் காலத்தில் மலையும் ஊரும் ஒரே பேச்சைத்தான் பேசின. அப்போது ஒரு பங்குனி மாதத்தில், மேற்கு மலை அடிவாரத்துப் பாக்குத்தோப்பில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: ஊர்த்தலைவர் சங்கிலியாண்டி, ஊர்க்காரர்கள் நாற்பத்திரண்டு பேர், வாய்த்துடுக்குப் பிச்சம்மாளையும் சேர்த்து, பாக்குமரத்தின் மேல் ஒரு கிழட்டு இருவாச்சிப் பறவை, மலையிலிருந்து இறங்கி வந்த நெருப்பு நாகங்கள் ஏழு, அதில் ஆண் நான்கு, பெண் மூன்று, கடைசியாக, வர மனமில்லாமல் வந்த மாடத்தி.

அந்த நாகங்களுக்குச் சிறகும் உண்டு, நான்கு காலும் உண்டு. ஒவ்வொன்றும் தென்னை உயரம். கொட்டாவி விட்டாலே வாயில் நெருப்பு வரும். மழை பெய்தவரைக்கும் அதனால் யாருக்கும் தொல்லையில்லை. பிறகு மழை பொய்த்துக் காடு சருகாகிவிட்டது. ஒரு பெண் நாகம் தூக்கத்தில் தும்மியதில் மிளகுக்கொடியெல்லாம் எரிந்து, நெருப்பு ஊர் எல்லைக்கே வந்துவிட்டது.

நாகங்கள் தண்ணீர் குடிக்கும் சுனையில் எட்டிக்காயை அரைத்துக் கலந்துவிடுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது. அதைக் கேட்ட இருவாச்சி, தானும் தன் பெட்டையும் குடிப்பது அதே சுனையில்தான் என்று சண்டைக்கு வந்தது. வேறு வழி இருந்தால் சொல் என்றார் சங்கிலியாண்டி. இருவாச்சி மாடத்தியின் குடிசைப் பக்கம் அலகைத் திருப்பியது.

மாடத்தி ஒரு சூனியக்காரியின் மகள். மஞ்சள் கயிற்றைக் கட்டி ஒரு சொல்லைச் சொன்னால் பெரியது சிறியதாகிவிடும். அந்த வித்தை அவள் கையிலும் இருந்தது, ஆனால் அவள் அதைத் தொடுவதில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது, ஆடுகளைத் தூக்கிப்போன ஒரு புலியை அம்மா கயிறு கட்டிப் பூனையாக்கினாள். பூனையானதும் அதற்குப் பழையதெல்லாம் மறந்துபோயிற்று. புலிக்குட்டிகள் இரண்டு ஓடைக்கரையில் வந்து நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. பூனையோ அடுப்போரம் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. இந்தக் கை இனிக் கயிறு கட்டாது என்று மாடத்தி அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். பாக்கு உரித்துப் பிழைத்தாள்.

அடைமழையில் உரித்த பாக்கு காயாது, பூஞ்சை பிடித்துவிடும். அப்படி ஒரு ஐப்பசியில் கனலன் என்னும் ஆண் நாகம் களத்தோரம் தாடையைத் தரையில் வைத்துப் படுத்து, மூச்சை அடக்கி அடக்கி விட்டு, அவள் பாக்கைக் காயவைத்தான். இந்த ஓரம் கருகிவிட்டது என்று அவள் குறை சொன்னாள். மறுநாள் அந்த ஓரம் கருகவில்லை. பிறகு ஒவ்வொரு மழைக்காலமும் வந்தான். அவன் மூச்சின் வெதுவெதுப்பு எட்டுகிற இடத்தில் உட்கார்ந்து அவள் உரிப்பாள். அதற்கு மேல் நெருங்க முடியாது, தோல் கொப்பளித்துவிடும்.

ஊரின் முடிவு தெரிந்ததும் கனலனே அவளிடம் வந்தான்.

"எங்களைச் சிறுசாக்கிவிடு, மாடத்தி."

"கட்டினா நான் யாருன்னே உமக்குத் தெரியாது."

"கட்டாவிட்டால் சுனையில் விஷம்."

அவள் உரித்துக்கொண்டிருந்த பாக்கைக் கீழே வைத்தாள். கனலன் மேலும் சொன்னான். "ஏழு பேருக்கு ஏழு கயிறு. எட்டாவதாக ஒன்று முறுக்கு. அதை நான் உனக்குக் கட்டுகிறேன். ரெண்டு பேருமே மறந்துபோவோம். புதுசாகப் பழகிக்கொண்டால் போயிற்று."

தன் கயிற்றைச் சூனியக்காரி தானே கட்டிக்கொள்ள முடியாது. இன்னொருவர்தான் கட்ட வேண்டும், மூன்றாம் முடிச்சில் சொல்லைச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் கனலனின் நகம் உலக்கைப் பருமன். எத்தனை முயன்றும் நூல் நழுவி நழுவி விழுந்தது. சிறுத்துக்கொண்டு வரும்போது எப்படியும் தன் கை மனிதக் கை அளவாகும், அந்தக் கணத்தில் கட்டிவிடலாம் என்றான். மறதி எந்தக் கணத்தில் வரும் என்று அம்மா அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

தோப்பில் அன்றைக்கு அவள் கைகளில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, நனைத்த கயிறுகளை ஒவ்வொன்றாகக் கட்டினாள். பெண் நாகங்கள் கழுத்தை நீட்ட மறுத்ததால் முன்னங்காலில் கட்டினாள். ஆண்களுக்குக் கழுத்தில். ஒவ்வொரு நாகமும் சுருங்கிச் சுருங்கி, ஒரு சாண் அளவில் மரத்தில் ஏறிக்கொண்டது. கடைசியாகக் கனலன் குனிந்தான். அவள் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வெறுங்கையால் அவன் கழுத்தைத் தொட்டாள்.

"பொம்பளை ஆம்பளைக்குத் தாலி கட்டுறதை இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றாள் பிச்சம்மாள். ஊரே சிரித்தது. மாடத்தி மூன்றாம் முடிச்சைப் போட்டுச் சொல்லைச் சொன்னாள்.

அவன் வீட்டளவானான், மாட்டளவானான், ஆளளவானான். கண்ணுக்கு நேரே கண் வந்தது. அவள் எட்டாவது கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று கூந்தலை ஒதுக்கினாள். அவன் விரல் பிடரியில் பட்டது. சூடில்லை. ஒரு முடிச்சு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பிறகு விரல் நின்றுவிட்டது.

"இது எதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத குரல். முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போலக் கேட்டது.

அவள் திரும்புவதற்குள் அவன் முழங்கால் உயரமாகி, சாண் அளவாகி, பாக்குமரத்தில் தொற்றி ஏறிவிட்டான். கட்டி முடியாத கயிறு அவள் தோளிலிருந்து நழுவிக் கைக்கு வந்தது. அவள் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. பிச்சம்மாள் அதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே போய் வெண்ணெய் எடுத்துவந்தாள்.

ஆவணியில் மழை வந்தது. நெருப்பு போய்ச் சிறகு மட்டும் மிஞ்சிய அந்த உயிர்கள் மரத்துக்கு மரம் மிதந்து திரிந்தன. மாடத்தி அதே களத்தில் பாக்கு உரித்தாள். பாக்குமரத்தில் ஒருவன் அவள் பக்கம் திரும்புவான். கழுத்துத் தோலோடு ஒட்டிப்போன கயிற்று மஞ்சளை விசிறிபோல் விரிப்பான். ஏதோ ஒரு சொல் தொண்டைவரை வந்ததுபோல் இருக்கும். பிறகு மடக்கிக்கொள்வான்.

அன்று முதல்தான் ஆண் பறக்கும் ஓணான் பாக்குமரத்தில் உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமலே, மஞ்சள் கழுத்தை விரித்து விரித்து மூடுகிறது. முறுக்கிய கயிறு எட்டு, கட்டியது ஏழு. மாடத்தியிடம் மிஞ்சியது ஒன்று, இரண்டு முடிச்சோடு.