காட்டைப் பெருக்கிய கருமந்தி

மேற்கு மலையில் ஒரு காட்டில், பிள்ளைகளே, மரங்களுக்கெல்லாம் வயது அதிகம். எவ்வளவு என்று அவற்றுக்கே நினைவில்லை.

ஒரு நாள் மனிதர்கள் வந்து காட்டின் எல்லையில் ஒரு பலகை நட்டார்கள். 'இது பாதுகாக்கப்பட்ட காடு. இங்கே எதையும் தொடக் கூடாது' என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காட்டில் இருந்த கருமந்திக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பலகை வைத்தால் அது பெரிய இடம் என்று தெரியும். ஏறிப் பலகையின்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததால் தலைவர் ஆனது.

"பெரிய இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா?" என்றது. "விழுந்த மரம், மட்கிய சருகு, ஒன்றும் கண்ணில் படக் கூடாது."

யானை யார் எதைச் சொன்னாலும் நம்பும். "உத்தரவு" என்றது.

விழுந்து கிடந்த மரங்களைப் பள்ளத்தில் உருட்டியது. பெரிய கிளை ஒன்றை ஒடித்துச் சருகையெல்லாம் பெருக்கியது. மழை முடிந்ததும் தொடங்கிய வேலை கோடை வந்தும் ஓயவில்லை. காடு பளிச்சென்று ஆனது. வண்டுகளும் கறையான்களும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயின. ஓடைகூட இளைத்தது. வேலை மும்முரத்தில் யானை அதைக் கவனிக்கவில்லை.

கடைசியில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கிழ நாங்கு மரம்தான் பாக்கி. பாதி பட்டுப்போன மரம். நடுவில் ஒரு பொந்து.

"நாளைக் காலையில் இதைத் தள்ளிவிடு" என்றது கருமந்தி.

அந்தப் பொந்துக்குள் இருவாச்சிப் பறவையின் மனைவி இருந்தாள். முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சிறகுகளை உதிர்த்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். அதன் வழியே ஆண் பறவை பழம் ஊட்டும்.

இருவாச்சி பறந்தோடி வந்தது. "தலைவரே, உள்ளே என் மனைவியும் குஞ்சும் இருக்கிறார்கள்!"

"வெளியே வரச் சொல்."

"அவளுக்கு இப்போது சிறகு இல்லை. உதிர்த்துவிட்டாள்."

"என்னைக் கேட்டுக்கொண்டா உதிர்த்தாள்?"

இனி இங்கே அழுது பயனில்லை என்று இருவாச்சிக்குப் புரிந்தது.

காலையில் யானை வந்தது. இருவாச்சி பணிவாகச் சொன்னது: "அண்ணா, பெரிய மரம். வெறும் வயிற்றோடு தள்ள முடியுமா? ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்."

யானை போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. "ஓடையில் மணல்தான் இருக்கிறது!"

"அப்படியா?" என்றது கருமந்தி. "நான் இப்போதுதானே தண்ணீர் குடித்தேன்."

"எங்கே?"

"இலைமேல். பனி."

"அண்ணா, இந்த மரத்தடியைக் காலால் கொஞ்சம் கீறிப் பாருங்கள்" என்றது இருவாச்சி.

யானை கீறியது. சருகுக்கு அடியில் கருப்பு மண். அதிலிருந்து தண்ணீர் ஊறியது. யானை ஆசையாக உறிஞ்சியது.

"இங்கே மட்டும் எப்படி?"

"இங்கேதான் நீங்கள் இன்னும் பெருக்கவில்லை. மட்கிய மரமும் சருகும்தான் மழையைக் குடித்து வைத்திருந்து, கோடையில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடும். இந்த மரம் சாய்ந்து இந்தச் சருகும் போனால் இங்கேயும் மண் காய்ந்துவிடும். பிறகு நீங்களும் தலைவரோடு சேர்ந்து பனியை நக்க வேண்டியதுதான்."

யானை தன் வயிற்றைப் பார்த்தது. இலைமேல் இருந்த பனித்துளியைப் பார்த்தது. பிறகு பள்ளத்துக்குப் போய், தள்ளிய மரங்களை ஒவ்வொன்றாக மேலே இழுக்கத் தொடங்கியது.

"நான் முதலிலிருந்தே இதைத்தான் சொல்கிறேன்" என்றது கருமந்தி. யானை திரும்பிப் பார்த்தது. கருமந்தி பலகையிலிருந்து இறங்கி, தூரத்து மரம் ஒன்றுக்குக் குடிபோனது.

சில வாரம் கழித்து இருவாச்சியின் மனைவி வாசலை உடைத்துக்கொண்டு குஞ்சோடு வெளியே வந்தாள். புதுச் சிறகை விரித்துச் சுற்றிலும் பார்த்தாள்.

"ஐயையோ! காட்டை யார் இப்படிப் பாழாக்கியது?"

"பாழாக்கவில்லை" என்றது இருவாச்சி. "பாதுகாத்தார்கள்."

நீதி: ஒன்றைக் காக்க நினைப்பவர், முதலில் கையைக் கட்டிக்கொண்டு அதைக் கவனிக்க வேண்டும்.