மொட்டைக்கிணற்றுப் பள்ளியின் எழுபத்திரண்டு சாண்

இக்கதையைக் கேட்பவர் முதலில் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளாவிட்டால் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க நேரிடும். கேள்வி கேட்பதற்கென்று இக்கதையிலேயே ஒரு புதன்கிழமை இருக்கிறது.

மொட்டைக்கிணறு என்னும் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி உண்டு. ஓர் அறை, ஓர் ஆசிரியை, பதினொரு குழந்தைகள். ஒவ்வொரு வாரமும் வட்டார அலுவலகத்திலிருந்து 'வாராந்திரக் கற்றல் செயல்பாட்டுத் தாள்' வரும். அதில் ஐந்து நாள், ஐந்து செயல்பாடு, ஐந்து கட்டம். செய்து முடித்த செயல்பாட்டின் கட்டத்தில் சரிக்குறி இட வேண்டும். இது ஒன்று.

அவ்வூரார் எழுத்தில் உள்ளதை மீறாதவர்கள் என்பது அடுத்தது. நியாயவிலைக் கடை வாசலில் 'வரிசையில் நிற்கவும்' என்று பலகை தொங்கியது, கடை பூட்டியிருந்தது. ஆயினும் நின்றார்கள். மூன்றாம் நாள் கடைக்காரர் அவ்வழியே வந்து, கடை இடம் மாறி ஒரு மாதம் ஆயிற்றே என்றார். பலகை இன்னும் மாறவில்லையே என்று பதில் சொல்லிவிட்டு, மேலும் அரை நாள் நின்றார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்த வாரத் தாளில் ஒரு கட்டம் விடுபட்டாலும் பள்ளியை மூடி, நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எருமைத்தாவுப் பள்ளியோடு இணைத்துவிடுவதாக அலுவலகம் கடிதம் எழுதியிருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அங்கமுத்துவுக்கு அதைப் படித்த நாள்முதல் சோறு இறங்கவில்லை. அவர் மகள் செல்லக்கிளி மூன்றாம் வகுப்பு. எருமைத்தாவுக்கு அவளைச் சைக்கிளில்தான் கொண்டுபோய் விட வேண்டும். அங்கமுத்துவிடம் சைக்கிள் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அதைத் தள்ளிக்கொண்டே ஊரெல்லாம் போய்வருகிறார். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பா இரக்க குணம் உள்ளவர், அதனால்தான் சைக்கிள்மேல் ஏறுவதில்லை என்று செல்லக்கிளி நம்பிக்கொண்டிருந்தாள்.

இனிக் கதை.

திங்கட்கிழமை காலை ஆசிரியை மரகதவல்லிக்குப் பயிற்சிக்கு வரும்படி ஆணை வந்தது. 'ஆசிரியர் வகுப்பறையிலேயே இருப்பதன் இன்றியமையாமை' என்னும் தலைப்பில் ஐந்து நாள் பயிற்சி. அவர் தாளை அங்கமுத்துவிடம் கொடுத்தார்.

"அண்ணே, இதுல எழுதியிருக்கிறத அப்படியே செய்யுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். வெள்ளிக்கிழமை ஆபீசர் வருவாரு."

'அப்படியே' என்ற சொல்லை மொட்டைக்கிணற்றில் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேருந்து புறப்படும் அவசரம்.

குழு உடனே கூடியது. தலைவரைத் தவிர உறுப்பினர் இருவர்: சத்துணவு சமைக்கும் பூவாயி, ஆடு மேய்க்கும் சடையாண்டி. அங்கமுத்து திங்கட்கிழமைக்கு உரியதை உரக்கப் படித்தார். 'ஈரப் பஞ்சில் அவரை விதையை வைத்து, அது முளைவிடும் வரை உற்றுநோக்குக.'

பூவாயி அடுப்படியிலிருந்து ஒரு விதை கொண்டுவந்தாள். ஒரு கிண்ணத்தில் பஞ்சை நனைத்து அதில் வைத்தார்கள். பதினொரு குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து உற்றுநோக்கினார்கள். நண்பகல் ஆயிற்று. விதை அப்படியே இருந்தது.

"பதினாலு பேரு சுத்தி நின்னு மொறைச்சா யாருக்குத்தான் வெளிய வரத் தோணும்?" என்றாள் பூவாயி. "கூச்சமா இருக்காதா அதுக்கு?"

"அதுக்காகப் பாக்காம இருக்க முடியுமா?" என்றார் அங்கமுத்து. "முளைவிடும் வரைன்னு போட்டிருக்கு."

நெடுநேரம் ஆலோசித்து, ஒருவர் மட்டும் பார்ப்பது என்று தீர்மானம் செய்தார்கள். ஆடுகளைப் பார்த்துப் பழகிய கண் என்பதால் பொறுப்புச் சடையாண்டிக்குப் போயிற்று. அவர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். அந்த வாரம் முழுவதும் அவர் தலை நிமிரவில்லை. கூட்டங்களில் பேசியதெல்லாம் கிண்ணத்தைப் பார்த்தபடிதான்.

செவ்வாய்க்கிழமை கணக்கு. 'ஒவ்வொருவரும் வகுப்பறையின் நீளத்தைத் தம் சாணால் அளக்க.' கீழே ஒரு கோடு: 'வகுப்பறையின் நீளம் ____ சாண்.'

ஐந்தாம் வகுப்புப் பையன் அளந்தான், முப்பத்தொன்று. செல்லக்கிளி அளந்தாள், முப்பத்தைந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அளந்தபோது நாற்பது வந்தது. அங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். தாமே மண்டியிட்டு அளந்தார். இருபத்துநான்கு.

"நாலு பேரு அளக்கிறதுக்குள்ள பதினாறு சாண் போயிருச்சு" என்றார் அவர்.

"போகல மச்சான்" என்றார் சடையாண்டி, விதையிடம் பேசுவதுபோல. "நல்லா யோசிச்சுப் பாருங்க. சின்னப் பிள்ளைங்க உள்ள வந்தா ரூமு பெருசாவுது. பெரிய ஆளு வந்தா சுருங்கிக்குது. நம்ம பங்காளி வீட்டுத் தின்பண்டம் மாதிரி, ஆளப் பாத்துத்தான் அளவு."

இது எல்லாருக்கும் விளங்கிற்று. ஆனால் கோடு ஒன்றுதான் இருந்தது. எண்ணும் ஒன்றுதான் எழுத முடியும்.

"கொறைச்சு எழுதினா, ரூமு பத்தாதுன்னு பூட்டிருவாங்க அண்ணே" என்றாள் பூவாயி. "ஊர்லயே சின்னக் கை யாருது?"

சடையாண்டியின் மகள் பொன்னழகுக்குப் பத்து மாதம். தொட்டிலோடு தூக்கிவந்தார்கள். மூடிய கையைத் திறக்க வெல்லம் காட்ட வேண்டியிருந்தது. திறந்த கையை வெல்லத்திடமிருந்து மீட்க அதைவிட நேரம் ஆயிற்று. மாலை நான்கு மணிக்கு அளவு முடிந்தது. எழுபத்திரண்டு சாண். ஒரே நாளில் அறை மூன்று மடங்கு ஆகிவிட்டதைக் கண்டு அங்கமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்தது. குழந்தைகளைக்கூடச் சற்றுத் தள்ளித் தள்ளி உட்காரச் சொன்னார்.

புதன்கிழமை: 'அஞ்சல்காரர் ஒருவரை அழைத்துக் குழந்தைகள் இருபது கேள்விகள் கேட்க. ஒவ்வொன்றுக்கும் நிறைவான விடை பெற்ற பின்னரே அடுத்ததற்குச் செல்க.'

அஞ்சல்காரர் இருளப்பன் பதினொரு மணிக்குத் தாமாகவே பள்ளிக்குள் வந்தார். அவரை நாற்காலியில் உட்கார்த்தினார்கள்.

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு லெட்டர் இருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க, நான் போறேன்" என்றார் இருளப்பன்.

அங்கமுத்து குழந்தைகள் எழுதிவைத்திருந்த கேள்விப் பட்டியலைப் பார்த்தார். "பையில என்ன இருக்குங்கிறது பதினேழாவது கேள்வி. இன்னும் மொதக் கேள்வியே ஆரம்பிக்கல."

மூன்று கேள்விகள் சிக்கலின்றி நடந்தன. நான்காவதைச் செல்லக்கிளி கேட்டாள். "யாருமே லெட்டர் எழுதலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க மாமா?"

"வீட்ல தூங்குவேன் பாப்பா."

"நிறைவான விடையா?" என்று அங்கமுத்து கேட்டார். ஏழு குழந்தைகள் இல்லை என்று கை தூக்கினார்கள். எப்படித் தூங்குவார் என்று அவர் காட்டவில்லை.

இருளப்பன் காட்டினார். வெயிலில் மூன்று ஊர் நடந்து வந்தவர். விடை மிகவும் நிறைவாக இருந்தது; மாலை ஐந்தரை வரை நீடித்தது. எழுந்தவர் பையை எடுத்துக்கொண்டு ஓட்டமாகப் போய்விட்டார். நான்கு கேள்விக்கு முழுச் சரிக்குறி இடுவது முறையன்று என்பதால், அங்கமுத்து அதன் குட்டைக் கோட்டை மட்டும் இட்டு, நீளக் கோட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

அன்றிரவு அவர் சைக்கிளைத் துடைத்துவைத்தார். எதற்கு அப்பா என்று செல்லக்கிளி கேட்டபோது மணியையும் துடைத்தார்.

வியாழக்கிழமை நாடகம். 'அலுவலர் பள்ளியைப் பார்வையிடும் காட்சியை நடித்துக் காட்டுக. அலுவலராக நடிப்பவர் மிடுக்காக இருத்தல் வேண்டும்.' அந்த வேடம் செல்லக்கிளிக்கு. கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு அவள் வாசலுக்குப் போன வேளையில், ஒரு மனிதர் குடையோடு உள்ளே வந்தார். வட்டாரக் கல்வி அலுவலர் தெய்வநாயகம் அவர். வெள்ளிக்கிழமை வேறு கூட்டம் இருந்ததால் ஒருநாள் முன்னதாக வருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தார். கடிதம் பதினேழாம் கேள்வியில் இருந்தது.

"வணக்கம். நான்தான் அலுவலர்" என்று சிரித்தார்.

"வேஷத்துக்கு ஆள் போட்டாச்சுங்க" என்றாள் பூவாயி.

"இல்லைம்மா, நான் உண்மையிலேயே அலுவலர்."

"அலுவலரு நாளைக்கு" என்று அங்கமுத்து தாளில் 'வெள்ளி: அலுவலர் பார்வையிடுதல்' என்றிருந்ததைக் காட்டினார். "இன்னைக்கு வர்றவரு நடிக்கிறவரு. வந்ததுதான் வந்தீங்க, சும்மா செஞ்சு காட்டுங்க, பாப்போம்."

தெய்வநாயகம் நல்ல மனிதர். முதல் வரிசைக் குழந்தையிடம் குனிந்து, "உன் பேரு என்ன கண்ணு?" என்றார்.

குழு வருத்தத்தோடு தலையசைத்தது. "எந்த ஆபீசர் பிள்ளைங்ககிட்ட பேரு கேட்டிருக்காரு?" என்றாள் பூவாயி. "ஊர்ல கூத்துப் பாத்ததே இல்லையா இந்த ஆளு?"

"குரலே சரியில்ல" என்றார் சடையாண்டி, தலை நிமிராமல். "பாக்காமயே சொல்றேன்."

அப்போது செல்லக்கிளி நுழைந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மேசையை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை முகர்ந்தாள். சுவரில் இல்லாத கடிகாரத்தைப் பார்த்தாள். "பதிவேடு எங்க? தண்ணி எங்க? எனக்கு நேரமில்ல" என்றாள்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். தெய்வநாயகமும் நிமிர்ந்து நின்றுவிட்டார்; தாமே அலுவலர் என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. முகம் சிவந்து, தாளை வாங்கிப் படித்தார். எழுபத்திரண்டு சாண் என்பதைக் கண்டதும் நாமே அளப்போம் என்று குனிந்தார். நீண்ட விரல்கள் அவருக்கு. இருபத்திரண்டு வந்தது.

அங்கமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "அம்பது சாணைக் காணோம்."

"காலைல கூட்டும்போது இருந்துச்சு அண்ணே" என்றாள் பூவாயி. "இந்த ஆளு வந்த பெறகுதான். பையைப் பாருங்க."

பையில் தயிர்ச்சோறும் ஒரு துண்டும் இருந்தன. குடையை விரித்து உதறினார்கள். அதிலும் இல்லை. ஆளை விட்டுவிட்டார்கள், ஆனால் அவர் பேருந்தில் ஏறும் வரை பூவாயி பின்னாலேயே போய் அவர் கைகளைக் கண்காணித்தாள்.

வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் வெள்ளிக்கிழமைதான் கையெழுத்திட முடியும் என்பது அலுவலக விதி. ஆகவே தெய்வநாயகம் தம் கூட்டத்தை விட்டுவிட்டு மறுநாளும் வந்தார். இம்முறை அவர் சிரிக்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. மேசையைத் தொட்டார், விரலை முகர்ந்தார், கடிகாரம் இல்லாத சுவரைப் பார்த்தார். "பதிவேடு எங்க? தண்ணி எங்க?" என்றார்.

குழு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அங்கமுத்து மாலை போட்டார்.

"ஐயா, நேத்து உங்க சாடையில ஒருத்தன் வந்தாங்க. நடிப்பு சுத்தமா வரல. பாவம், போகையில அம்பது சாணையும் கொண்டுபோயிட்டான்."

தெய்வநாயகம் தாளை வாங்கினார். திங்கட்கிழமைச் சரிக்குறியையும் புதன்கிழமைச் சரிக்குறியின் நீளக் கோட்டையும் தாமே இட்டு, ஐந்து கட்டத்துக்கும் கையெழுத்திட்டார். ஆனால் நேர்மையானவர், குறிப்புப் பகுதியில், 'குழு அளவு 72 சாண், என் அளவு 22 சாண்' என்று எழுதாமல் அவரால் இருக்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, நேரமில்லை என்று கிளம்பினார். செல்லக்கிளி மட்டும், பரவாயில்லை, தேறிவிடுவார் என்றாள்.

பின்னர் உறுதியான செய்திகள் இவை.

பள்ளி மூடப்படவில்லை. அரசுக் கட்டடத்தில் ஐம்பது சாண் குறைந்தது குறித்து விசாரணை தொடங்கிற்று. விசாரணை முடியும் வரை அறையை மூடவோ இணைக்கவோ கூடாது என்று ஆணை. அங்கமுத்துவின் சைக்கிள் மறுபடியும் தூசி படிந்தது.

விதை, முந்தின வாரம் பூவாயி வேகவைத்த சுண்டலில் மிஞ்சியது. வெந்ததா வேகாததா என்று தாளில் கேட்கவில்லை என்கிறார் சடையாண்டி. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இருளப்பன் புதன்தோறும் வந்து விடை சொல்கிறார். பதினேழாம் கேள்வி நடந்த அன்று கடிதம் பிரிக்கப்பட்டது. 'வியாழக்கிழமை வருகிறேன்' என்றிருந்தது. குழு மறுநாள் வியாழக்கிழமை பூமாலையோடு காத்திருந்தது. அவர் வரவில்லை. சொன்ன சொல் காப்பாற்றாதவர் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டது.

விசாரணைக்கு அளவுகோலை நேரில் கொண்டுவருமாறு ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அங்கமுத்து பொன்னழகைக் கூடையில் வைத்து, பதினான்கு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதற்கு முன்னர் ஒருமுறை சரிபார்த்தபோது அறை ஐம்பத்தெட்டுச் சாணாகக் குறைந்திருந்தது. பிள்ளை வளர வளரப் பள்ளி தேய்கிறது என்பதை உணர்ந்த குழு, கட்டடத்தைக் காப்பாற்றும்பொருட்டு ஆண்டுதோறும் ஒரு புதிய கைக்குழந்தையை வழங்குமாறு மனு எழுதி அவரிடமே கொடுத்தனுப்பியது.

அலுவலகம் மனுவை ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு விவரம் விடுபட்டிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறது: தேவைப்படும் குழந்தையின் கை எத்தனை சாண் இருக்க வேண்டும் என்று குறிப்பிட வேண்டுமாம். குழு அதை அளந்துகொண்டிருக்கிறது.