பாதி அரைத்த மைக்கட்டி

மரமும் பறவையும் மனிதனோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சீன தேசத்தில் மைக்கட்டி என்றால் வெறும் கறுப்புத் துண்டுதான். பைன் கட்டையை எரித்து, புகைக்கரியை வழித்து, பசையில் பிசைந்து காயவைத்து விற்பார்கள். வாங்கியவன் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்து எழுதுவான். தீர்ந்தால் இன்னொன்று. அழகெல்லாம் யாரும் பார்க்கவில்லை.

ஹுவாய் என்ற மைக்காரன், மலைமேல் நின்ற கிழட்டுப் பைன் மரத்தை வெட்டப் போனான்.

"வசந்தம் வரைக்கும் பொறு," என்றது மரம். "என் உச்சியில கூடு கட்டுற நாரை தெற்கே போயிருக்கு. அதுகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்கிட்ட சொல்லு. நான் சொல்லிடறேன்."

"உன்கிட்ட சொல்றது இல்ல அது."

பொறுத்திருக்கலாம். வீட்டில் அரிசி இருந்தது. அடுத்த ஊர்க்காரன் முந்திவிடுவானோ என்ற அவசரம், அவ்வளவுதான். வெட்டிவிட்டான்.

கரி பட்டு மாதிரி வந்தது. கட்டிகள் உடனே விற்றுப்போயின. கடைசியாகப் பிசைந்த கட்டியை மட்டும் அவன் மனைவி ஷுவேன் எடுத்துவைத்தாள். அச்சுப் பலகையில் அந்த மரத்தையும் நாரையையும் செதுக்கி, ஈரம் காயுமுன் கட்டியை அதில் அழுத்தினாள்.

"எதுக்கு இந்த வேலை? அரைச்சா போயிடும்," என்றான் ஹுவாய்.

"நாரை வந்து கேட்டா உங்க மூஞ்சியையா காட்டுவீங்க?"

வசந்தத்தில் நாரை வந்தது. வெட்டிய அடிமரத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கி அவன் வாசலுக்கு வந்தது. ஹுவாய் கட்டியை நீட்டினான்.

"மரம் எனக்கு ஏதாவது சொல்லுச்சா?" என்றது நாரை.

"சொல்லணும்னுச்சு. நான்தான் பொறுக்கல."

"அரைங்க. அதுக்குள்ளதான இருக்கும்."

அரைத்தான். கறுப்புத் தண்ணீரிலிருந்து மரத்தின் குரல் வந்தது: "வந்துட்டியா? போன வருஷமே இதைச் சொல்லியிருக்கணும்..."

ஹுவாயின் கை நின்றது. குரலும் நின்றது. கட்டியில் மரத்தின் உச்சி தேய்ந்துபோயிருந்தது. கூடு இருந்த இடம் அது.

"இன்னும் அரைக்கவா?"

நாரை கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. "முழுசா கேட்டா முழுசா போயிடும், இல்ல?"

"ஆமா."

"அப்ப வேண்டாம். வெச்சிடுங்க."

நாரை பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஷுவேன் ஒரு பெட்டியில் பட்டு விரித்து, மிச்சக் கட்டியை அதில் வைத்து மூடினாள்.

இன்றும் நல்ல மைக்கட்டி என்றால் மரமும் நாரையும் பதித்து, பொன் தீட்டி, அரைக்காமலே பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அன்று ஆரம்பித்ததுதான் அது. மரம் என்ன சொல்ல வந்தது என்று இதுவரை யாருக்கும் தெரியாது.