பதினைந்து மூச்சும் ஒரு வாலும்

நிலா தேய்கிறதே, அப்போது அது எங்கே போகிறது, தெரியுமா?

ஒரு நாமக்கோழிக்குத் தெரியவில்லை. அதனால் அதன் வால் போனது. அந்தக் கதைதான் இது.

ஊருக்குத் தெற்கே ஒரு பெரிய குளம். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம் என்று அந்த நாமக்கோழி அங்கேதான் குடியிருந்தது. மார்கழி பிறந்ததும் பனிமலைக்கு அப்பாலிருந்து நாற்பது வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். அவற்றின் வெள்ளைத் தலையில் கறுப்பாக இரண்டு கோடு இருக்கும். வெயில் கொளுத்தத் தொடங்கினால் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும்.

அந்த வருஷம் மாசி அமாவாசையன்று அதில் ஒரு வாத்து, கரையில் காயப்போட்டிருந்த மீன்வலையில் மாட்டிக்கொண்டது. உதறி உதறி வெளியே வந்துவிட்டது. ஆனால் இடது சிறகு சுளுக்கி வீங்கிவிட்டது. தூக்கவே முடியவில்லை.

கூட்டத்தின் தலைவர் வந்து பார்த்தார். முகம் வாடிப்போனது.

"அடுத்த அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் நாம் கிளம்ப வேண்டும், தாயி. உன் ஒருத்திக்காக எல்லாரும் நிற்க முடியாது. கோடையில் இந்தக் குளம் வற்றிவிடும். குஞ்சு பொரிக்க நாம் பனிமலைக்கு அப்பால் நம் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்."

"நிற்க வேண்டாம், அண்ணே. நானும் வருவேன்."

"எப்படி?"

"அமாவாசைக்கு அமாவாசை ஒரு சுற்று இருக்கிறதே! அது போதும்!"

நாமக்கோழிக்கும் அப்போது காலில் கருவேல முள் குத்தி, வீங்கி, நொண்டிக்கொண்டிருந்தது. வலியை மறக்க யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. நீந்திப் பக்கத்தில் வந்தது.

"வரியக்கா, ஒரு சுற்று என்றாயே, என்ன மருந்து அது? எனக்கும் கொஞ்சம் கொடேன்!"

"கையில் கொடுக்கிற மருந்து இல்லை, தம்பி. எங்கள் ஏரிக்கரை மலைக்குகையில் சில துறவிகள் இருக்கிறார்கள். ஆமை மூச்சு விடுவதையும் கொக்கு நிற்பதையும் பார்த்துப் பார்த்துத் தாங்களும் செய்வார்கள். அதைத் தாவோ என்பார்கள். வழி என்று அர்த்தம். அவர்கள் நிலாவைப் பார்த்து உடம்பைப் பார்த்துக்கொள்வதை நான் முட்டையிலிருந்து வந்த நாள் முதல் பார்த்திருக்கிறேன்."

"பறவையைப் பார்த்து மனுஷன் கற்றான். அவனைப் பார்த்து நீ கற்றாயா? நேரே கொக்கிடமே கேட்டிருக்கலாமே!"

"கொக்கு எங்கே வாயைத் திறக்கிறது?" என்று சிரித்தது வாத்து. "கேள். வளர்பிறை சேர்க்கிற காலம். முதல் பிறைக்கு ஒரு மூச்சு, இரண்டாம் பிறைக்கு இரண்டு. வயிறுவரை நீளமாக உள்ளே இழுக்க வேண்டும். பிறை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுதான் சிறகையும் விரிக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட வேண்டும். பௌர்ணமிக்குப் பதினைந்து மூச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் தேய்பிறை. விடுகிற காலம். பதினான்கு, பதின்மூன்று என்று இறங்கி வர வேண்டும். இப்போது வெளியே விடுகிற மூச்சுதான் நீளம். சிறகையும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி ஓய்வு கொடுக்க வேண்டும். அமாவாசையன்று ஒன்றும் செய்யக் கூடாது. சும்மா இருக்க வேண்டும்."

"சும்மா இருப்பதா! அதில் நான் கெட்டிக்காரன்!" என்றது நாமக்கோழி.

அன்றிலிருந்து பொழுது சாயும்போதெல்லாம் இரண்டும் கரைக்குத் தள்ளி, தண்ணீரில் நிலாவைப் பார்த்து உட்கார்ந்தன. முதலில் சிறகு நகம் அளவுகூட நகரவில்லை. வாத்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் என்று சொல்லலாம்தான், ஆனால் அதற்குப் பல் ஏது? அலகை இறுக்கிக்கொண்டு மூச்சை எண்ணியது. ஐந்தாம் நாள் உயிர் போகிற வலி. ஆனாலும் ஐந்து மூச்சையும் முடித்தது. எட்டாம் நாள் சிறகு பாதி விரிந்தது. பன்னிரண்டாம் நாள் நாமக்கோழியின் கால் வீக்கம் வடிந்தது.

இதையெல்லாம் கரையிலிருந்த புதருக்குள்ளிருந்து ஒரு நரி பார்த்துக்கொண்டிருந்தது. பறக்க முடியாத வாத்து என்றால் அதற்கு நாக்கில் நீர் ஊறாதா?

பௌர்ணமி வந்தது. சூரியன் மேற்கே இறங்க, கிழக்கே நிலா தாம்பாளம் போல எழுந்தது. வாத்து சிறகை விரித்தது. முழுசாக விரிந்தது! வலியே இல்லை!

"சபாஷ், தங்கச்சி!" என்றபடி நரி புதரிலிருந்து வெளியே வந்தது. "நிலா நிறைந்தாயிற்று, நீயும் நிறைந்தாயிற்று. இனி அது தேயும். அதோடு சேர்ந்து நீயும் ஏன் தேய வேண்டும்? இந்த மேட்டுக்கு வா. இங்கிருந்து பறந்து பார். இன்றைக்குள்ள பலம் நாளைக்கு இருக்காது!"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வாத்துக்கும் சிறகு துறுதுறுத்தது. ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்தால் என்ன?

அது கண்ணை மூடி, சிறகை மடக்கிக்கொண்டது.

"பாதிச் சுற்றுதான் ஆகியிருக்கிறது. மீதியை முடிக்காமல் மேட்டுக்கு வருவதாக இல்லை."

"சரியான பயந்தாங்கொள்ளி!" என்றது நரி.

"நான் பயந்தாங்கொள்ளி இல்லை!" என்று குதித்தது நாமக்கோழி. "எனக்குக் கால் சரியாகிவிட்டது. நிலாவும் வேலையை முடித்துவிட்டு ஊருக்குப் போகப் போகிறது. இன்னும் என்ன மூச்சு, எண்ணிக்கை?"

"தம்பி, போகாதே! உள்ளே இன்னும் ஆறவில்லை!"

யார் கேட்டது? நாமக்கோழி மேட்டில் ஏறியது. ஒரு குதி, இரண்டு குதி, மூன்றாவது குதியில் கால் மடங்கியது. 'பொத்' என்று விழுந்தது. நரி ஒரே பாய்ச்சலில் வாலைக் கவ்வியது!

"வரியக்கா!"

வாத்து மேட்டுப் பக்கம் திரும்பியது. பறந்து பாயலாம். பாய்ந்தால் சிறகு போகும், அப்புறம் மலையும் இல்லை, ஏரியும் இல்லை. பாயாவிட்டால் நாமக்கோழி போகும். வயிற்றில் பதினைந்தாவது மூச்சு அப்படியே நின்றது. அந்த மூச்சு முழுவதையும் அது ஒரே குரலாக விட்டது.

அப்படி ஒரு குரலை அந்தக் குளம் கேட்டதில்லை! கரைக்கு அந்தப் பக்கம், அறுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் எல்லாம் தலை தூக்கின. அடுத்த நொடி மேட்டின்மேல் சிறகு மழை பெய்தது. நரிக்கு முதுகில் அடி, மூக்கில் கொத்து. வாய் நிறைய வால் இறகோடு ஓடியே போனது. அந்தக் குளத்துப் பக்கம் அது திரும்பவில்லை.

நாமக்கோழி முன்பக்கம் முழுசாகவும் பின்பக்கம் மொட்டையாகவும் தண்ணீருக்கு வந்தது.

"அக்கா... நாளைக்கு எத்தனை மூச்சு?"

"பதினான்கு. ஆனால் நாளையிலிருந்து விடியற்காலையில் வா. தேய்பிறையில் நிலா ஊருக்குப் போகாது, தம்பி. விடியும்போதும் வானத்தில்தான் இருக்கும். நீ தூங்கிக்கொண்டிருப்பாய், அவ்வளவுதான்."

மறுநாள் முதல் இரண்டும் விடியலில் உட்கார்ந்து நீளமாக மூச்சை விட்டன. மற்ற வாத்துகள் சிறகடித்துப் பழகின. இளவட்டங்கள் கேலி செய்தன.

"நாங்கள் குளத்தைச் சுற்றிப் பத்து வட்டம் அடித்தோம். நீ என்ன செய்தாய்?"

"மூன்று மூச்சு விட்டேன்."

கேலி செய்தால் செய்யட்டும் என்று அது எண்ணிக்கையைத் தவற விடவில்லை. அமாவாசையன்று இரண்டும் சும்மா இருந்தன. சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று நாமக்கோழிக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் பிறை தெரிந்த மாலை. தலைவர் வந்து பார்த்தார். வாத்து சிறகை விரித்தது. ஒரு அடி, இரண்டு அடி. தண்ணீரில் ஓடி, எழும்பி, பனைமரத்துக்கு மேலே போய்விட்டது! சிறகில் ஒரு நடுக்கம்கூட இல்லை. முப்பது நாள் மூச்சும் அதில் இருந்தது.

"வா, தாயி. முன்வரிசையில் வா!" என்றார் தலைவர்.

உடம்பு தேறுவதற்கு முயற்சி எவ்வளவு மருந்தோ, ஓய்வெடுக்க வேண்டிய நாளில் பிடிவாதமாக ஓய்வெடுப்பதும் அவ்வளவு மருந்து.

கூட்டம் வடக்கே திரும்பியது. முன்வரிசையிலிருந்து ஒரு தலை மட்டும் கீழே குனிந்தது.

"தம்பி! நாளைக்கு நாலாம் பிறை. நாலு மூச்சுதான். ஆர்வத்தில் ஐந்தாக்கிவிடாதே, சரியா?"